அடித்தெழுதப்பட்ட இலத்தீன்

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நம் கழக ஆண்டிதழுக்கு நான் மொழித் திருத்தும் பணி செய்தேன். முதலாமாண்டு மாணவி ஒருவர் தம் பாட்டியைப் பற்றிச் சிறுகதை ஒன்று எழுதித் தந்தார். தோட்டத்தில் பால்மரம் சீவி மூன்று பிள்ளைகளை வளர்த்த பாட்டி அவர். கதையில் ஓரிடத்தில் அவர் பேத்தியைப் பார்த்து, "எலய மிதிக்காதடி, பாம்பு கெடக்கும்" என்பார். நான் சிவப்புப் பேனாவை எடுத்து, "இலையை மிதிக்காதே, பாம்பு கிடக்கும்" என்று திருத்தினேன். பாட்டி வாய் திறந்த இடமெல்லாம் இப்படியே திருத்திக்கொண்டு போனேன். செந்தமிழைக் காக்கிறேன் என்ற மனநிறைவு எனக்கு.

அச்சுக்குப் போகும் முன் அந்தத் தங்கை படியைப் பார்த்தார். "எங்க பாட்டி இப்படிப் பேச மாட்டாங்க அக்கா" என்று மட்டும் சொன்னார். கதை வெளிவந்தது. அடுத்த ஆண்டு அவர் எதுவும் எழுதித் தரவில்லை.

இதை நான் மறந்தும் போனேன். சென்ற பருவத்தில் மொழி வரலாறு என்ற விருப்பப் பாடத்தை எடுத்தபோதுதான் மீண்டும் நினைவுக்கு வந்தது. விரிவுரையாளர் எங்களிடம் பழைய பட்டியல் ஒன்றின் நகலைத் தந்தார். அதில் 227 திருத்தங்கள். மொழி இலத்தீன். அதைப் படிக்கப் படிக்க, அந்தச் சிவப்புப் பேனா என் கையில் இருப்பது போலவே தோன்றியது. அந்தப் பட்டியலையும், இலத்தீன் மொழியின் 'செவ்வியல் அல்லாத' வடிவங்களையும் பற்றி உங்களோடு பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

செவ்வியல் எது, அல்லாதது எது?

இலத்தீன் என்றதும் சிசரோ, சீசர், வெர்ஜில் ஆகியோரின் மொழியே பலருக்கும் நினைவுக்கு வரும். கி.மு. முதல் நூற்றாண்டையும் கி.பி. முதல் நூற்றாண்டையும் சார்ந்த இந்த எழுத்து மொழியைத்தான் செவ்வியல் இலத்தீன் என்கிறோம். ஆனால், இலத்தீன் எழுதப்பட்ட காலம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. அந்த நெடிய காலத்தில் செவ்வியல் காலம் ஒரு சிறு பகுதியே. மீதமுள்ளவற்றை அறிஞர்கள் பல பெயர்களால் பிரிப்பர். சிசரோவுக்கு முந்தியது பழைய இலத்தீன். எல்லாக் காலத்திலும் மக்கள் வாயில் வழங்கியது 'வல்கர்' இலத்தீன். பேரரசின் பிற்காலத்தில் எழுதப்பட்டது பிற்கால இலத்தீன். அதன் பின் இடைக்கால இலத்தீன். மறுமலர்ச்சிக்குப் பின் அறிவியலிலும் கல்வியிலும் வழங்கியது புது இலத்தீன்.

'வல்கர்' என்பதைக் கொச்சை என்று மொழிபெயர்ப்பது வழக்கம். அது பொருத்தமன்று. 'வல்குஸ்' என்றால் வெகுமக்கள் என்பதே பொருள். ஆகவே இக்கட்டுரையில் அதை மக்கள் இலத்தீன் என்றே குறிப்பிடுகிறேன். தெருவில் காய்கறி விற்றவரும், படைவீரரும், அடிமையும், வீட்டுக்குள் இருக்கும்போது செல்வரும் பேசியது அதுதான்.

பேசப்பட்டு மறைந்த மொழியை எப்படி அறிகிறோம்? கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்துப் பொம்பெயி நகரம் புதையுண்டது. அந்நகரச் சுவர்களில் மக்கள் கிறுக்கிய எழுத்துகள் அப்படியே கிடைத்திருக்கின்றன. 'அமத்' (அன்பு செய்கிறான்) என்று எழுத வேண்டிய இடத்தில் ஈற்று மெய்யை விட்டுவிட்டு 'அம' என்று எழுதியிருக்கிறார்கள். நீரோ மன்னன் காலத்துப் பெட்ரோனியுஸ் என்பவர் தம் கதையில் விடுதலை பெற்ற அடிமைகளை விருந்தில் அவர்கள் பேச்சிலேயே பேசவிட்டார். அவர்கள் 'வீனும்' (மது) என்னும் அஃறிணைச் சொல்லை 'வீனுஸ்' என்று ஆண்பாலாக்கிப் பேசுகிறார்கள். இவற்றையெல்லாம்விட நமக்கு நெருக்கமான சான்று, நான் முன்னர்க் குறிப்பிட்ட பட்டியல்தான்.

227 திருத்தங்கள்

'புரோபுஸின் பிற்சேர்க்கை' என்று அப்பட்டியலுக்குப் பெயர். புரோபுஸ் என்னும் இலக்கண ஆசிரியரின் பெயரால் வழங்கிய நூலோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்ததால் இப்பெயர் வந்தது. எழுதியவர் யாரெனத் தெரியவில்லை. வட இத்தாலியின் பொப்பியோ மடத்தில் எழுதப்பட்ட ஒரே ஒரு கையெழுத்துப் படிதான் எஞ்சியுள்ளது. பட்டியலின் அமைப்பு மிக எளிது: 'இன்ன சொல், இன்னது அன்று.' விளக்கமோ காரணமோ கிடையாது. மாணவர் தவறாக எழுதுவதை ஆசிரியர் அடித்துத் திருத்துகிறார், அவ்வளவே.

'ஸ்பெகுலும்' (கண்ணாடி) என்று எழுது, 'ஸ்பெக்லும்' அன்று. 'ஓகுலுஸ்' (கண்), 'ஓக்லுஸ்' அன்று. 'விரிதிஸ்' (பச்சை), 'விர்திஸ்' அன்று. 'கொலும்னா' (தூண்), 'கொலோம்னா' அன்று. 'அவுரிஸ்' (காது), 'ஓரிக்லா' அன்று. 'மென்சா' (மேசை), 'மேசா' அன்று.

இனி இச்சொற்களின் பிற்கால வரலாற்றைப் பாருங்கள். கண்ணுக்கு இன்று இத்தாலியில் 'ஒக்கியோ', ஸ்பானியத்தில் 'ஓஹோ'. காதுக்கு ஸ்பானியத்தில் 'ஒரேஹா', பிரெஞ்சில் 'ஒரேய்'. பச்சைக்கு இத்தாலியிலும் ஸ்பானியத்திலும் 'வெர்தே', 'வெர்தெ'. இவையெல்லாம் ஆசிரியர் காக்க முயன்ற சொற்களிலிருந்து பிறக்கவில்லை. அவர் அடித்த சொற்களிலிருந்து பிறந்தவை! வரலாற்றின் வேடிக்கை இதோடு முடியவில்லை. அவர் அடிக்காமல் விட்டிருந்தால் அச்சொற்கள் அக்காலத்தில் எப்படி ஒலித்தன என்று நமக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது. ஒழிக்க எண்ணியவரே பாதுகாத்துத் தந்திருக்கிறார்.

அவர் காத்த சொற்களும் வீண் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மருத்துவ மாணவர்கள் இன்றும் 'ஸ்பெகுலும்' என்ற கருவியைப் பயன்படுத்துகிறார்கள். இடப்பக்கச் சொல் கல்விக்கூடத்தில் வாழ்கிறது. வலப்பக்கச் சொல் வீட்டில் வாழ்கிறது.

எப்படி மாறியது?

மாற்றங்கள் தாறுமாறாக நடக்கவில்லை. அவற்றுக்கு ஒழுங்கு உண்டு. தமிழ் பேசும் நமக்கு அவை விளங்குவது எளிது.

முதலாவது, அழுத்தம் பெறாத நடு உயிர் தேய்ந்து விழுந்தது. 'கலிதுஸ்' (சூடான) என்பது 'கல்துஸ்' ஆனது. இதில் சுவையான செய்தி ஒன்றுண்டு. அகஸ்டஸ் பேரரசர் தம் பேரனுக்கு எழுதிய கடிதத்தில், 'கலிதும்' என்று எழுதியதற்காகப் பேரனைக் கடிந்துகொண்டார் என்று குவிந்திலியான் என்னும் ஆசிரியர் பதிவு செய்துள்ளார். அது பிழை என்பதனால் அல்ல. அப்படிப் பேசுவது செயற்கையாக, எரிச்சலூட்டுவதாக இருக்கிறது என்பதனால்! பேரரசருக்கே பேச்சு வடிவம்தான் பிடித்திருந்தது.

இரண்டாவது, குறில் இகரம் எகரமாகவும் உகரம் ஒகரமாகவும் திரிந்தன. 'விரிதிஸ்' 'வெர்தே' ஆனதும், 'கொலும்னா' 'கொலோம்னா' ஆனதும் இதனால்தான். நாம் இலையை 'எலை' என்றும், குடத்தைக் 'கொடம்' என்றும் சொல்வதை எண்ணிப் பாருங்கள். இரு மொழிகளுக்கும் உறவில்லை. திரிபு நிகழும் சூழலும் ஒன்றன்று. ஆனால் மனித வாய் ஒன்றுதான்.

மூன்றாவது, ஈற்று மகரம் மறைந்தது. நாம் 'மரம்' என்று எழுதுகிறோம். பேசும்போது உதடு மூடுவதில்லை, மூக்கொலியோடு உயிரை முடித்துவிடுகிறோம். இலத்தீனிலும் ஈற்று மகரம் முதலில் இப்படித்தான் மெலிந்தது, பின்னர் அற்றே போனது. ஆனால் அங்கே இதன் விளைவு பெரிது. ஏனெனில் அந்த மகரம்தான் பல பெயர்களுக்கு இரண்டாம் வேற்றுமை உருபு. நம் 'ஐ' உருபு காணாமற்போனால் 'அப்பா மகன் பார்த்தார்' என்பதில் யார் யாரைப் பார்த்தார் என்று எப்படி அறிவது? சொற்களின் வரிசையைக் கொண்டுதான் அறிய வேண்டும். இலத்தீனில் சொற்களை எப்படியும் வரிசைப்படுத்தலாம். அதன் பிள்ளை மொழிகளில் எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசை ஏறத்தாழ நிலைத்துவிட்டது.

நான்காவது, குறில் நெடில் வேறுபாடு அழிந்தது. தமிழில் அவ்வாறு நேர்ந்தால் கல்லும் காலும் ஒன்றாகிவிடும். இலத்தீனில் 'ஒஸ்' என்றால் எலும்பு. 'ஓஸ்' என்றால் வாய். வட ஆப்பிரிக்க மக்களின் காதுக்கு இவ்விரண்டும் ஒன்றாகவே கேட்டன.

சொற்களும் மாறின. இலக்கியத்தில் குதிரை 'எக்குஸ்'. மக்கள் வாயில் அது 'கபல்லுஸ்'. பிரெஞ்சின் 'ஷெவால்', ஸ்பானியத்தின் 'கபாயோ' இரண்டும் அதன் பிள்ளைகள். 'தேஸ்தா' என்றால் சுட்ட மண்பாண்டம். வேடிக்கையாகத் தலையை அப்படி அழைத்து, அழைத்து, கடைசியில் பிரெஞ்சு மொழியில் தலைக்கு அதுவே பெயராயிற்று. நாம் மட்டும் என்ன? சங்க நூல்களில் 'மண்டை' என்பது உண்கலம். இன்று அது நம் கழுத்துக்கு மேலே இருக்கிறது.

அறிந்தே வளைந்தவர்கள்

மக்கள் இலத்தீனைப் படிப்பறிவில்லாதவர்கள் மட்டுமே எழுதினார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தீன் (354–430) முன்னாள் சொற்கலை ஆசிரியர். சிசரோவைக் கரைத்துக் குடித்தவர். அவர்தான், எலும்பைக் குறிக்க 'ஒஸ்' என்று சொல்லி மக்களைக் குழப்புவதைவிட, 'ஒஸ்ஸும்' என்ற வழுவான வடிவத்தையே சொல்லுங்கள் என்று போதகர்களுக்கு அறிவுறுத்தினார். மக்களுக்குப் புரியாமல் போவதைவிட இலக்கண ஆசிரியர்கள் பழிப்பது மேல் என்பது அவர் கருத்து. விவிலியத்தை இலத்தீனில் தந்த ஜெரோமுக்கோ, தாம் கிறித்தவர் அல்லர், சிசரோவின் அடியார் என்று கனவில் குற்றம் சாட்டப்பட்டதாக அச்சம். அழகிய நடைக்கும் எளிய மக்களுக்கும் இடையில் அவர்கள் பட்ட பாடு அது.

4ஆம் நூற்றாண்டின் இறுதியில் எகேரியா என்னும் பெண்மணி மேற்கிலிருந்து எருசலேமுக்குத் திருப்பயணம் சென்று, தம் ஊர்த் தோழியருக்குத் தாம் கண்டதை எழுதினார். 1884இல் இத்தாலியின் அரெட்சோ நகரில் அதன் படி கண்டெடுக்கப்பட்டது. பழைய இலத்தீனில் இல்லாத ஒன்றை அவர் எழுத்தில் காண்கிறோம். பெயர்ச்சொல்லுக்கு முன் 'அந்த', 'அதே' என்று சுட்டுகளை அடிக்கடி வைக்கிறார். இச்சுட்டுகளிலிருந்தே பிரெஞ்சின் 'ல', ஸ்பானியத்தின் 'எல்', இத்தாலியின் 'இல்' போன்றவை பின்னாளில் உருவாயின. தோழியருக்கு எழுதுகிறோம் என்ற உரிமையில் அவர் தம் நடையைத் திருத்திக்கொள்ளவில்லை. இன்று மொழியியலாளர்கள் அவருக்கு நன்றி சொல்கிறார்கள்.

பிரிந்த வேளை

8ஆம் நூற்றாண்டின் இறுதியில் சார்லமாஞ் மன்னர், அல்குயின் என்னும் அறிஞரின் துணையோடு இலத்தீன் கல்வியைச் சீர்திருத்தினார். எழுத்திலுள்ள ஒவ்வொன்றையும் எழுதியபடி ஒலிக்கும் முறை அப்போதுதான் வந்தது என்றும், அதுவரை மக்கள் தாங்கள் பேசுவதும் எழுதுவதும் ஒரே மொழி என்றே எண்ணியிருந்தனர் என்றும் ரோஜர் ரைட் என்னும் ஆய்வாளர் 1982இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். இதை எல்லாரும் ஏற்பதில்லை. ஆனால் அதற்குப் பின் நடந்தவை பதிவாகியுள்ளன. 813இல் தூர் நகரில் கூடிய ஆயர் மன்றம், மறையுரைகளை மக்களுக்கு விளங்கும் 'நாட்டுப்புற ரோமானிய மொழி'யிலோ செருமானிய மொழியிலோ பெயர்த்துரைக்க வேண்டும் என்று விதித்தது. 842இல் ஸ்ட்ராஸ்பூரில் இரு அரசச் சகோதரர்கள் உடன்படிக்கை செய்தபோது, ஒருவர் இந்த ரோமானிய மொழியிலும் மற்றவர் செருமானிய மொழியிலும் உறுதிமொழி கூறினர். பிரெஞ்சு மொழியின் முதல் எழுத்துச் சான்று அதுவே. இலத்தீனைத் தூய்மை செய்தபோதுதான், அது யாருக்கும் தாய்மொழி இல்லை என்பது தெரிய வந்தது.

பள்ளியில் வாழ்ந்த மொழி

தாய்மொழியாக இல்லாவிட்டாலும் இலத்தீன் மேலும் ஆயிரம் ஆண்டுகள் வாழ்ந்தது. நம் பல்கலைக்கழக வாழ்க்கையே இடைக்கால இலத்தீனின் கொடை. 'ஊனிவெர்சித்தாஸ்' என்றால் சிசரோவுக்கு 'முழுமை'. இடைக்காலத்தில் அது ஆசிரியரும் மாணவரும் கூடிய சங்கத்தைக் குறித்தது. மலாயில் நாம் சொல்லும் 'யுனிவர்சிட்டி' அதன் வழிவந்ததே. இவ்விதழைப் படிக்கும் முன்னாள் மாணவர்களே, 'அலும்னி' என்றால் வளர்ப்புப் பிள்ளைகள் என்று பொருள்!

மறுமலர்ச்சிக் காலத்தில் சிலர் இடைக்கால இலத்தீனைக் காட்டுமிராண்டித்தனம் என்று ஒதுக்கி, சிசரோவிடம் திரும்ப முயன்றனர். எராஸ்முஸ் 1528இல் 'சிசரோனியானுஸ்' என்னும் உரையாடல் நூலில் அவர்களை நன்றாகவே நையாண்டி செய்தார். அதில் வரும் நோசொபோனுஸ் சிசரோவின் சொற்களையெல்லாம் அகராதியாகத் தொகுத்து வைத்திருப்பவன். சிசரோ ஒரு வினையை எந்தெந்த விகுதியோடு எழுதினாரோ அந்தந்த வடிவத்தை மட்டுமே தொடுவான். இப்படி ஒருவன் எப்போது எழுதி முடிப்பான்?

நல்ல வேளையாக அறிவியலாளர்கள் அவன் வழியில் போகவில்லை. நியூட்டன் 1687இல் தம் 'பிரின்சிபியா'வை இலத்தீனில்தான் எழுதினார். ஹங்கேரியில் 1844 வரை இலத்தீன் ஆட்சிமொழி. புதிய தாவரத்தை அறிவிப்பதற்கு இலத்தீன் விளக்கம் கட்டாயம் என்ற விதி 2012இல்தான் தளர்ந்தது. நம் பாட்டன் பாட்டிகள் சீவிய பால்மரத்தின் அறிவியல் பெயர் 'ஹெவெயா பிரசிலியென்சிஸ்'. பிரேசில் என்றொரு நாடு இருப்பதே சிசரோவுக்குத் தெரியாது. செவ்வியல் அல்லாத இலத்தீன் நம் தோட்டங்களில் வரிசை வரிசையாக நின்றிருக்கிறது.

நம் வீட்டு மேசை

'மேசா' என்ற சொல்லை மறந்துவிட வேண்டாம். போர்த்துகீசிய மொழியில் அது 'மேசா' என்றே நிலைத்தது. போர்த்துகீசியர் 1511இல் மலாக்காவைப் பிடித்தனர். மலாய் மொழியில் 'மேஜா' வந்தது. தமிழில் 'மேசை' வந்தது. சிறு கதவு என்னும் பொருளுடைய மக்கள் இலத்தீன் சொல் 'ஜனேலா' ஆகி, மலாயில் 'ஜெண்டேலா'வாகவும் தமிழில் 'சன்னல்' ஆகவும் நுழைந்தது. 'கிளாவிஸ்' போர்த்துகீசிய வாயில் மாறி நமக்குச் 'சாவி' ஆயிற்று. மலாக்காவின் போர்த்துகீசியக் குடியிருப்பில் பேசப்படும் கிறிஸ்தாங் மொழியும் அதே குடும்பத்துப் பேரப்பிள்ளைதான். யாரோ ஓர் ஆசிரியர் 'அன்று' என்று அடித்த சொல்லின் மீது தாள்களைப் பரப்பித்தான், நான் பாட்டியின் பேச்சை அடித்திருக்கிறேன்.

இன்னுமொரு தொடர்பு உண்டு. இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் (1680–1747) செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும், மக்கள் வழக்கான கொடுந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் தனித்தனியே எழுதினார். இரண்டும் இலத்தீனில். அவருடைய தாய்மொழியோ மக்கள் இலத்தீனின் வழித்தோன்றல். தேம்பாவணி பாடிய அந்தச் செந்தமிழ்ப் புலவருக்குக் கொடுந்தமிழையும் இலக்கணம் உள்ள மொழியாகவே காணத் தெரிந்திருந்தது.

முடிவாக

எழுத்துத் தமிழை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இலத்தீன் எழுத்து மொழி இல்லாதிருந்தால் நியூட்டனின் நூலை ஐரோப்பா முழுதும் படித்திருக்க இயலாது. ஈப்போவில் எழுதியதை யாழ்ப்பாணத்திலும் கோவையிலும் படிக்க முடிகிறது என்றால், அது எழுத்துத் தமிழின் ஆற்றல். கட்டுரைக்கு அது வேண்டும். இக்கட்டுரையும் அதில்தான் இருக்கிறது. ஆனால், ஒருவர் பேசியதை எழுதும் இடத்தில் அவர் பேசிய மொழியை மாற்றுவது திருத்தம் ஆகாது. 'எலை' என்பது பிழையன்று. அது விதிக்கு உட்பட்ட ஒலித்திரிபு. பாட்டிக்கு இலக்கணம் தெரியாது என்று நினைத்தேன். அந்த இலக்கணம் எனக்குத்தான் தெரியவில்லை.

கடந்த மாதம் அந்தத் தங்கையைச் சந்தித்து மன்னிப்புக் கேட்டேன். பாட்டி சென்ற ஆண்டு காலமாகிவிட்டார் என்று அப்போதுதான் அறிந்தேன். அவர் பேச்சை எழுதி வைத்தது அந்த ஒரு கதையில்தானாம். கையெழுத்துப் படி இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. நான் ஒற்றைக் கோட்டால்தான் அடித்திருந்தேன். கீழே உள்ளது தெளிவாகவே தெரிந்தது. மேலே என் திருத்தம், கீழே பாட்டியின் சொல் என்று பக்கம் பக்கமாக, அதுவும் ஒரு பிற்சேர்க்கைதான்.

இவ்வாண்டு அக்கதையைப் பாட்டியின் சொற்களோடு மறுபடியும் வெளியிட வேண்டும் என்று ஆசிரியர் குழுவிடம் விண்ணப்பித்துள்ளேன். எனக்குப் பின் சிவப்புப் பேனாவை ஏந்தும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடிப்பதற்கு முன் எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அப்படியும் அடிக்கத்தான் வேண்டுமென்றால், ஒற்றைக் கோட்டால் அடியுங்கள்.